கப்டனுக்கு இன்னோர் அகப்பை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய்களைப் பிடிக்காது. நாய்க் கதைகளை அதைவிடப் பிடிக்காது. கடைசிப் பக்கத்தில் நாய் செத்துப்போகும், வாசகர் மூக்கை உறிஞ்சுவார், எழுதியவர் மனிதாபிமானி என்று பெயர் எடுத்துவிடுவார். இப்படி நினைக்கிற ஆள் ஏன் இதை எழுத உட்கார்ந்தேன் என்றால், ஒரு வரிசைதான் காரணம்.

டொக்டர் சித்தி பரீதாவின் மிருக வைத்திய நிலையத்தில் என் பூனையைக் கூடைக்குள் அமத்திப் பிடித்தபடி காத்திருந்தேன். ஆட்டுக்குட்டியோடு வந்தவர் உள்ளே போய்விட்டார். அடுத்தது நான். அந்த நேரம் பார்த்து ஓட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓர் இளைஞன் பெரிய கபில நிற நாயொன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு இறங்கினான். நாயின் வயிறு மேளம் போல ஊதியிருந்தது. சத்தி எடுக்கப் பார்க்கிறது, நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. பின்னால் ஒரு பெண், ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அவனுடைய செருப்புமாக ஓடி வந்தாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. கொஞ்சம் வழி விடுங்கோ."

விட்டேன். வேறென்ன செய்வது? அந்த முறை என்னுடையது. அதற்கு ஈடாக இந்தக் கதையை நான் எடுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். (பூனை இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் இனிக் கதையில் வரமாட்டாள்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான திருகோணமலையில், கப்பல்கள் விளக்கேற்றும் ஒரு மாலைப் பொழுதில்—"

இல்லை. இந்தக் கதையில் ஒரு கப்பலும் வரப்போவதில்லை. திருகோணமலை என்றாலே துறைமுகத்தை இழுத்துக்கொண்டு வருவது எங்கள் ஊர் எழுத்தாளர்களின் வியாதி.

"நாயும் மனிதனும் ஆதியிலிருந்தே—"

ஐயோ, வேண்டாம்.

"கப்டன் சாப்பிடுவதைப் பார்த்தவர்கள்—"

பார்த்தவர்கள் என்ன? பார்க்க வந்தவர்கள் என்று வேண்டுமானால் எழுதலாம். பார்ப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். சரி, இது பரவாயில்லை. இங்கிருந்து போவோம்.

கிருஷாந்துக்கு வேலை மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துவது. திருக்கடலூர்க் கரையோரம் ஒரு தகரக் கொட்டில்தான் பட்டறை. அதிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகை வீடு. ஒருநாள் திருத்தக் கொண்டுவந்த படகொன்றில் வலைக் குவியலை இழுத்தபோது அடியில் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. படகுக்காரர் தன்னுடையது இல்லை என்றார். படகில் இருந்து வந்தவன் என்பதால் கப்டன் என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். தர்சிகா அப்போது அவனைக் கலியாணம் செய்து புதிசு. கணவனோடு சேர்த்து ஒரு நாயையும் ஏற்றுக்கொண்டாள்.

குட்டி வளர்ந்து நெஞ்சு அகன்ற பெரிய நாயானது. சாப்பாடு காலையும் மாலையும். சூடை மீனை அவித்து முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து குசினி வாசலில் வைப்பான் கிருஷாந்த். கப்டன் தலையைக் குனிவான். ஒரு பெரிய மூச்சு, ஒரு சளப் சத்தம், அவ்வளவுதான், கோப்பை பளபளவென்று இருக்கும். கப்டன் நிமிர்ந்து பார்ப்பான். கிருஷாந்த் சிரித்துக்கொண்டு இன்னோர் அகப்பை போடுவான். அதுவும் போய்விடும். அதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. பட்டறைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்வான்: "எங்கட கப்டன் சாப்பிட்டா கோப்பை கழுவத் தேவையில்லை."

அந்தப் பெருமைதான் ஒரு மாலை மேளம்போல ஊதியது.

3

டொக்டர் குழாய் விட்டுக் காற்றை எடுத்தார். கிருஷாந்த் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சத்தமாக அழுதான். ஆட்டுக்குட்டிக்காரர் போகாமல் நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கையெல்லாம் கிறீஸ், அழுகையைத் துடைத்துத் துடைத்து முகமும் கறுத்துவிட்டது. எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

"இந்த முறை ஊதினதோட நிண்டுட்டு," என்றார் டொக்டர். "வயிறு திருகியிருந்தா ஒப்பரேசன்தான். அதுக்குக் கண்டிப் பக்கம்தான் போகணும். போற வழியிலயே முடிஞ்சிரும். அவதிப்பட்டு, அவசரமா விழுங்கைக்க காத்தையும் சேத்து விழுங்குறான். மெதுவாச் சாப்பிடப் பழக்குங்க. ஒரேயடியா நிறையக் குடுக்காதீங்க. சாப்பிட்ட கையோட ஓட விடாதீங்க."

"சொன்னாக் கேப்பானோ டொக்டர்?"

"உங்களுக்குச் சொன்னா நீங்க கேப்பீங்களா?"

கிருஷாந்த் ஓம் என்று தலையாட்டினான். டொக்டர் அவன் கண்ணைப் பார்த்து இன்னொருமுறை சொன்னார். "இது விளையாட்டில்ல தம்பி. அடுத்த முறை நான் காப்பாத்துவன் எண்டு வாக்குத் தர மாட்டன்."

கப்டன் உயிரோடு இருக்க வேண்டுமானால் கப்டன் மெல்லச் சாப்பிட வேண்டும். கதை இவ்வளவுதான். சின்ன விசயம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாய்க்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.

4

[இந்தப் பகுதியில் சிரிக்கலாம்.]

முதல் யோசனை கல். கோப்பையின் நடுவில் விழுங்க முடியாத அளவில் ஒரு உருண்டைக் கல்லை வைத்தால், நாய் அதைச் சுற்றிச் சுற்றித்தான் சாப்பிட வேண்டும். கிருஷாந்த் கடற்கரையில் தேடி ஒரு நல்ல கல் எடுத்து, தேய்த்துக் கழுவி, அவித்தும் வைத்தான். கப்டன் கல்லைப் பார்த்தான். வாயால் கவ்வினான். மரியாதையாகக் கொண்டுவந்து கிருஷாந்தின் காலடியில் வைத்தான். திரும்பிப் போய் ஒரே மூச்சில் சோற்றை முடித்தான்.

இன்னும் பெரிய கல் வைத்தார்கள். கோப்பையே கவிழ்ந்தது. நிலத்தில் இருந்து சாப்பிடுவது இன்னும் சுகம் என்று கப்டன் கண்டுகொண்டான்.

இரண்டாவது யோசனை தர்சிகாவினுடையது. இட்டலித் தட்டு. குழிக்குள் குழிக்குள் சோற்றை அமத்தி வைத்தால் நக்கி நக்கித்தானே எடுக்க வேண்டும்? முதல் நாள் அற்புதம். கப்டன் ஒவ்வொரு குழியாக, பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல ஒழுங்காகப் போனான். இருவரும் கைதட்டினார்கள். சில நாளில் முன்னங்காலால் தட்டின் விளிம்பை மிதித்தால் அது தலைகீழாகும் என்று படித்துவிட்டான்.

"இனி இந்தத் தட்டில எனக்கு இட்டலி அவிக்கவும் மனமில்லை," என்றாள் தர்சிகா.

மூன்றாவது, மான்.*

(* வெளியூர் வாசகருக்கு: ஓம், மான்தான். எங்கள் நகரத்தில் மான்கள் தெருவில் திரியும், பஸ்ஸுக்கு வழிவிடாது, படலை திறந்திருந்தால் உள்ளே வந்து மரக்கறித் தோல் தின்னும். இதில் குறியீடு எதுவும் தேட வேண்டாம்.)

மான் வந்து தன் சோற்றைத் தின்றுவிடும் என்ற பயத்தில்தான் கப்டன் அவதிப்படுகிறான் என்று தர்சிகாவுக்கு ஒரு சந்தேகம். எனவே கப்டன் சாப்பிடும்போது கிருஷாந்த் விளக்குமாறோடு படலையில் காவல் நின்றான். கப்டன் அதே வேகத்தில் சாப்பிட்டுவிட்டு, எசமானுக்கு உதவியாக மான் கலைக்க ஓடினான். சாப்பிட்ட கையோடு ஓட விடாதீர்கள் என்று டொக்டர் சொன்னது ஞாபகம் வந்து, நாயின் பின்னால் கிருஷாந்தும், கிருஷாந்தின் பின்னால் தர்சிகாவுமாக ஒழுங்கை முழுக்க ஓடினார்கள்.

இவ்வளவையும் நான் எப்படி அறிவேன் என்றால், அன்றிலிருந்து பின்னேரங்களில் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். நாயைச் சுகம் விசாரிக்கத்தான். கதை எழுத என்று சொல்லவில்லை.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல்.

கிருஷாந்த் சம்பூரில் பிறந்தவன். 2006இல் ஊர் முழுக்கக் கிளம்பி வெளியேறியபோது அவனுக்கு ஒன்பது வயது. முகாம், பிறகு இன்னொரு முகாம். காணி திரும்பக் கிடைத்தபோது அவனுக்கு மீசை வந்துவிட்டது. இதைக் கேள்விப்பட்டதும் என் கை துடித்தது. எழுதினேன்:

"முகாமில் வரிசையில் நின்று வாங்கிய சோற்றை யாரும் பறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் மெல்லாமல் விழுங்கிய சிறுவனும், இன்று அவன் வீட்டு வாசலில் மெல்லாமல் விழுங்கும் நாயும் ஒரே பசியின்—"

நல்ல பந்தி. இதைவிட நீளம். யுத்தம் பற்றி ஒரு பந்தியாவது இல்லாமல் கிழக்கிலிருந்து கதை போனால் வாசிக்கிறவர்களுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும் என்று எனக்கொரு எண்ணம். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவன் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். கதை எழுதுகிறேன் என்று உண்மையைச் சொல்லி வாசித்துக் காட்டினேன்.

கிருஷாந்த் சீலைத் துண்டில் கை துடைத்துக்கொண்டு கேட்டான்.

"எழுத்து நல்லா இருக்கு அண்ணை. ஆனா இது நானில்லை."

"ஏன் தம்பி?"

"நான் எப்ப கெதியாச் சாப்பிட்டனான்? தர்சியைக் கேட்டுப் பாருங்கோ. போனும் பாத்துக்கொண்டு ஒரு கோப்பை சோத்தோட நான் ஒரு மணித்தியாலம் இருப்பன்."

"முகாமிலயும் அப்பிடியோ?"

"முகாமிலயும் அப்பிடித்தான். அம்மா ஏசுவா."

பந்தியை அடித்தேன். மேலே நீங்கள் பார்ப்பது அதில் ஒரு துண்டுதான். அடித்த பிறகும் எனக்குக் கோபம் தீரவில்லை. என் பாத்திரம் என் பேச்சைக் கேட்காமல் மெல்ல மெல்லச் சாப்பிடுகிறது!

6

கோபத்தை ஆற்றவோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொன்னான். போனேன். சிவப்பரிசிச் சோறு, பாரை மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலைச் சுண்டல். கணவாயைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கதை எழுதலாம்.

நான் தனியாக இருக்கிற ஆள், வேகமாகச் சாப்பிட்டு எழும்பிவிடுவேன். கோப்பையில் சோறு முடிந்தது. கிருஷாந்த் இன்னோர் அகப்பை போட்டான். சாப்பிட்டேன். இன்னோர் அகப்பை. "காணும் தம்பி, போதும்" என்றேன். அது அவன் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் அதை நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொண்டான். மேலே இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான். மூச்சு முட்டத் தொடங்கியதும் எனக்குப் புத்தி வந்தது. ஓரத்தில் ஒரு பிடி சோற்றை மிச்சம் வைத்து, அதை விரலால் மெல்ல அளைந்துகொண்டு, ஊர்க்கதை கதைத்தேன். அகப்பை வரவில்லை.

தர்சிகா அதைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணை பிடிச்சிட்டார். அப்பிடித்தான் தப்பலாம். இவற்ற வீட்டு ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான். நான் கலியாணம் செய்து போன முதல் கிழமை சாப்பிட்டுச் சாப்பிட்டே செத்தன். கோப்பையின்ர அடி தெரிஞ்சாப் போதும், அகப்பை வந்திடும்."

"வந்த ஆளுக்கு வெறுங்கோப்பையைக் காட்டுறதோ?" என்றான் கிருஷாந்த்.

அவள் சிரித்துக்கொண்டே குசினி வாசலைப் பார்த்தாள். கப்டன் அங்கே படுத்திருந்தான். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இஞ்சேருங்கோ. கப்டன்ர கோப்பையின்ர அடி தெரிஞ்சா நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"போடுவன். பசியெல்லோ. பாவம்."

"அவன் கெதியா முடிச்சா?"

"கெதியா..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான்.

பிறகு தர்சிகா மெதுவாகச் சொன்னாள். "நீங்கள் எஞ்சின் பாக்கக் குச்சவெளியில நிண்ட நாளெல்லாம் நான்தான் அவனுக்குப் போட்டனான். ஒருக்காத்தான் போட்டனான், எனக்கு வேற வேலை இருந்தது. முதல் நாள் விழுங்கிப்போட்டு நீங்கள் நிக்கிற இடத்தைப் பாத்தான். பிறகு பிறகு ஆறுதலா, மெல்லத்தான் திண்டவன். நான் அதை நீங்கள் இல்லாத கவலை எண்டு நினைச்சன்."

[இரண்டாவது வரைவில் இந்தக் கண்டுபிடிப்பை நான் செய்ததாக எழுதியிருந்தேன். "எழுத்தாளரின் கூர்ந்த பார்வை" என்றுகூட ஒரு சொல்லைப் போட்டிருந்தேன். உண்மை என்னவென்றால், நான் அப்போது கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னுமொன்று. திரும்பிப் போய் இரண்டாம் பகுதியை வாசியுங்கள். "கப்டன் நிமிர்ந்து பார்ப்பான், கிருஷாந்த் சிரித்துக்கொண்டு இன்னோர் அகப்பை போடுவான்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதியவனுக்கே தெரியவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் அது தவறாகத் தெரியாது. கோப்பை வெறுமையானால் போடுவதுதானே முறை?]

பசியும் இல்லை, மானும் இல்லை. நாய்க்கு வேகம் பழக்கியது அவர்கள் வீட்டு உபசாரம்.

7

காரணம் தெரிந்தால் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே ஒரு சட்டியில் அளவாகச் சோறு எடுத்து, ஒரே தடவை போட்டு, இனி இல்லை என்று தீர்மானித்தார்கள்.

கப்டன் விழுங்கினான். கோப்பையை நக்கினான். நிமிர்ந்து கிருஷாந்தைப் பார்த்தான்.

கிருஷாந்த் படலைவரை நடந்து போனான். திரும்பி வந்தான். கப்டன் அதே இடத்தில், அதே பார்வையோடு இருந்தான். ஒருமுறை வாலை ஆட்டினான். கிருஷாந்த் லேசுப்பட்ட ஆளில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் கடலில் நின்ற படகுக்கு நீந்திப் போய்த் திருத்திக் கொடுத்திருக்கிறான். இந்த வெறுங்கோப்பைக்கு முன்னால் நிற்க அவனால் ஏலவில்லை. தர்சிகா குளிக்கக் கிணற்றடிக்குப் போனதும், குசினிக்குள் புகுந்து ஒரு பிடி சோறு எடுத்துக்கொண்டு வந்தான். மறுநாளும் அப்படி. அடுத்த நாள் இரண்டு பிடி.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் கப்டனின் வயிறு மறுபடி இறுகியது. எழும்பிப் படுத்து, படுத்து எழும்பி, தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தான். தர்சிகா டொக்டருக்கு போன் எடுத்தாள். நல்லவேளை, டொக்டர் சொன்னபடி முற்றத்தில் மெல்ல நடத்திக்கொண்டிருக்க, ஏப்பம் வந்து, வயிறு இளகியது. அதற்குப் பிறகுதான் வாசற்படியில் சிந்திக் கிடந்த சோற்றைத் தர்சிகா கண்டாள்.

அவர்களுக்குள் வந்த முதல் பெரிய சண்டை அது. அதில் தர்சிகா சொன்னதாக நான் எழுதியது:

"நீங்கள் அவனுக்குப் போடேல்லை, உங்களுக்குத்தான் போடுறீங்கள்."

அழகான வசனம். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் கத்தியது வேறு:

"அவன் செத்தா ஆருக்குப் போடப் போறீங்கள்?"

கிருஷாந்த் குசினிச் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டான். பிறகு சொன்னான். நான் அங்கே இருக்கவில்லை. பிறகொரு நாள், அவன் பக்கத்தில் இருக்கத்தான், தர்சிகா எனக்குச் சொன்னாள். அவன் எழுதச் சொல்லித் தலையாட்டியதால் எழுதுகிறேன்.

"முகாமுக்கு மாமா வந்தவர். அம்மான்ர தம்பி. கட்டைபறிச்சானில இருந்து சைக்கிளில, எங்களைப் பாக்க எண்டு வெயிலுக்குள்ள வந்தவர். அம்மா இருந்த சோத்தைப் போட்டுக் குடுத்தவ. மாமா பசியில கெதியாச் சாப்பிட்டு முடிச்சிட்டார். அம்மா அகப்பையோட பக்கத்தில நிண்டவ. பானையில ஒண்டுமில்லை. மாமா 'காணும் அக்கா, வயிறு நிரம்பிட்டு' எண்டவர். அம்மா அவற்ற முகத்தைப் பாக்கேல்லை. எங்களுக்குப் பசி எண்டு இல்லைத் தர்சி. நாங்கள் சமாளிச்சம். அம்மா அகப்பையோட நிண்டதுதான் எனக்குப் போகுதில்லை. கப்டன் வெறுங்கோப்பையோட பாக்கைக்க நான் அம்மா மாதிரி நிக்கிறன்."

இதைக் கேட்ட அன்று நான் வீட்டுக்குப் போய், அடித்த என் பந்தியை இன்னொருமுறை வாசித்தேன். வரிசை, பசி, பறிக்கிற கை என்று எல்லாம் எழுதியிருந்தேன். போட முடியாமல் நிற்கிற கையை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

8

தர்சிகா அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவள் அந்த வகை ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தாள். பிறகு எழும்பிப் போய் அகப்பையை உள்ளே வைத்துவிட்டு, ஒரு சின்னக் கறிக்கரண்டியை எடுத்து வந்தாள்.

"சரி, போடுங்கோ. எத்தனை தரம் வேணுமெண்டாலும் போடுங்கோ. ஆனா இந்தச் சட்டிக்குள்ள இருக்கிறது மட்டும்தான். இந்தக் கரண்டியாலதான்."

கிருஷாந்த் கரண்டியைப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது என்று எழுத ஆசை. (அவன் மூக்கைச் சிந்தினான் என்பதுதான் சரி.)

அடுத்த நாளிலிருந்து இப்படி. கிருஷாந்த் நிலத்தில் சப்பணம் கட்டி இருப்பான். ஒரு கரண்டி போடுவான். கப்டன் விழுங்கிவிட்டு நிமிர்வான். கிருஷாந்த் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு பொறுத்திருப்பான். முதல் நாட்களில் கப்டன் குரைத்தான், சுற்றினான், கோப்பையைக் காலால் தட்டினான். கிருஷாந்த் அசையவில்லை. நாய் அலுத்துப்போய் இருந்து, ஒரு நீண்ட மூச்சு விட்ட பிறகுதான் அடுத்த கரண்டி.

"எப்பிடித் தம்பி உங்களுக்கு இவ்வளவு பொறுமை?" என்று நான் கேட்டேன்.

"எஞ்சினுக்குப் பெற்றோல் கூடினா என்ன செய்யிறது அண்ணை? அவதிப்பட்டுக் கயித்தை இழுக்க இழுக்க இன்னும் அடைக்கும். கையை எடுத்துப்போட்டுச் சும்மா இருக்கவேணும். அது தன்ர பாட்டில ஆறும். பிறகு இழுத்தா உடன பிடிக்கும்."

பட்டறையில் அவன் தினமும் செய்கிற வேலை அது. வீட்டு வாசலில் அதைச் செய்யலாம் என்றுதான் தெரியாமல் இருந்தான். அவனுக்கும் இது ஒத்துவந்தது. ஒரு சாப்பாட்டுக்குள் கோப்பை எத்தனையோ தரம் வெறுமையாகும், எத்தனையோ தரம் அவன் போடுவான். ஒவ்வொரு தரமும் போட ஏதோ இருந்தது. ஒவ்வொரு தரமும் அவன் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்தான்.

ஒரு பின்னேரம் குசினிக்குள் இருந்து தர்சிகா கேட்டாள்: "இஞ்சேருங்கோ, உது என்ன சத்தம்?"

கிருஷாந்த் காது கொடுத்துக் கேட்டான். ஏதோ சவக் சவக்கென்று, மெதுவாக. அவனுக்கும் முதலில் பிடிபடவில்லை.

"தர்சி, ஓடி வா! மெல்லுறான்!"

அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். இருவரும் குனிந்து நின்று, தங்கள் நாய் சோற்றை மெல்லும் சத்தத்தை வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டார்கள். கப்டன், இதுகளுக்கு என்ன வந்தது என்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்து மென்றான். அன்று அவர்கள் எனக்குப் போன் எடுத்து, போனை நாயின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, என்னையும் கேட்க வைத்தார்கள். பஸ்ஸில் இருந்தேன். நாய் மெல்வதைக் கேட்டு ஒரு மனுசன் பஸ்ஸில் கண் கலங்குவானா? கலங்கினேன்.

அடுத்த முறை காட்டப் போனபோது டொக்டர் கப்டனின் வயிற்றை அமத்திப் பார்த்து, நல்லம் என்றார். "ஆர் பழக்கினது?" என்று கேட்டார். கிருஷாந்த் தர்சிகாவைக் காட்டினான். தர்சிகா கிருஷாந்தைக் காட்டினாள்.

9

முடிவுகள்.

(அ) கப்டன் சாகிறான். இதையும் எழுதினேன், மறைக்கவில்லை. இலக்கிய மதிப்புள்ள மூன்று பக்கம். தர்சிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணைக்கு இனி எங்கட வீட்டில கணவாய் இல்லை," என்றாள். கிழித்துவிட்டேன்.

(ஆ) சம்பூரிலிருந்து கிருஷாந்தின் அம்மா வருகிறாள். மகன் வெறுங்கோப்பைக்கு முன்னால் அமைதியாக இருப்பதைப் பார்க்கிறாள், அகப்பையை— வேண்டாம். அவளுக்கு முழங்கால் வருத்தம், பஸ் ஏற ஏலாது. என் கதைக்காக அவளை இழுத்து வர மனம் வரவில்லை.

(இ) நடந்தது. போன கிழமை இருவரும் சம்பூர்ப் பத்திரகாளி கோயில் பொங்கலுக்குப் போனார்கள். அன்று பின்னேரம் கப்டனுக்குச் சாப்பாடு வைக்க யாரைக் கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாய்களைப் பிடிக்காத ஆளைத்தான்.

"சட்டியில அளவா வைச்சிருக்கிறன்," என்றாள் தர்சிகா. "உங்களுக்குச் சோறும் கறியும் பானையில இருக்கு. மாறிப்போட்டுடாதேங்கோ."

கப்டனுக்கு முன்னால், முழங்கால் முறிய, நிலத்தில் இருந்தேன். ஒரு கரண்டி போட்டேன். மென்றான். இருந்தான். மூச்சு விட்டான். நான் அடுத்தது போட்டேன். எங்கள் இருவருக்கும் நன்றாகத்தான் போனது. எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. சட்டி முடிந்தது. கரண்டியைக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

கப்டன் குரைக்கவில்லை. கோப்பையின் விளிம்பில் நாடியை வைத்துப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு எல்லாம் தெரியும். அவனுக்குப் பசியில்லை என்று தெரியும், டொக்டர் சொன்னது தெரியும், கிருஷாந்தின் அம்மா அகப்பையோடு நின்ற கதையும் தெரியும். இந்தக் கதையை எழுதியதே நான்தான். இருந்தும் நான் எழும்பி, குசினிக்குள் போய், பானையின் மூடியைத் திறந்து, அகப்பையைக் கையில் எடுத்துவிட்டேன். கிருஷாந்த் நாளுக்கு இரண்டு தரம் எதைத் தாங்குகிறான் என்று அப்போதுதான் எனக்கு உடம்பில் தெரிந்தது.

நான் இங்கே நிறுத்துகிறேன். இதற்கு மேல் என்னை நம்ப வேண்டாம்.

இந்தாருங்கள், அகப்பையை நீங்கள் பிடியுங்கள். பானையில் சோறு சூடாக இருக்கிறது, பாரைக் குழம்பும் இருக்கிறது. அவன் கடிக்கமாட்டான், பார்ப்பான். பானையை மூடிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் போய் இருக்க ஏலுமா என்று பாருங்கள். ஒரு வார்த்தை சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். தலையைத் தடவலாம், அது அவனுக்குப் பிடிக்கும். கோப்பை வெறுமையாகத்தான் இருக்கிறது. அவன் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.